மணல்திட்டும் மனிதத் தவறும்

(புதுச்சேரி தேங்காய்த்திட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். அவரைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் குறைவில்லாமல் சொல்லிவிட்டார்கள். நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களில் பாதிப்பேருக்கு விஷயம் தெரியும். முன்வரிசையில் இருக்கும் சில நண்பர்களும் நானும் எந்தக் கருத்தரங்கில் சந்தித்தாலும் இதில்தான் போய் முட்டிக்கொள்வோம். விபத்து அறிக்கையில் 'காரணம்: மனிதத் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடலாமா, கூடாதா? மூடலாம் என்பவர்களிடம் ஓர் எண் உண்டு: 88. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹைன்ரிக் 1931-இல் எழுதிய நூலில், நூற்றுக்கு 88 விபத்துகள் தொழிலாளியின் செய்கையால், 10 இடத்தின் குறைபாட்டால், மிச்சம் 2 தவிர்க்க முடியாதவை என்றார். கணக்கு எங்கிருந்து வந்தது? காப்பீட்டுக் கோப்புகளிலிருந்தும், மேற்பார்வையாளர்கள் எழுதியனுப்பிய அறிக்கைகளிலிருந்தும். எந்த மேற்பார்வையாளர் தன் தலையில் தானே பழியைப் போட்டுக்கொள்வார்? பின்னால் வந்தவர்கள் சரிபார்க்கலாமென்றால் மூலக் கோப்புகளே கிடைக்கவில்லை. அந்த எண் மட்டும் இன்றைக்கும் பயிற்சி வகுப்புகளில் உயிரோடு இருக்கிறது.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. இந்த மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் முகத்துவாரம் இருக்கிறது.

ஒரு விசைப்படகை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட எந்தப் படகும் இல்லை. இங்கே கட்டியிருக்கும் எதுவாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று நாள் கடலில் கிடந்துவிட்டு விடியலுக்கு முன் கரைக்குத் திரும்புகிறது. வலையை இறக்குவது, இழுப்பது, தூக்குவது, மீனைப் பிரிப்பது, ஐஸில் அடுக்குவது, மறுபடி இறக்குவது. ஒரு மடி இழுப்புக்கும் அடுத்த மடி இழுப்புக்கும் நடுவே கிடைப்பதுதான் தூக்கம், அதுவும் என்ஜின் தடதடப்புக்கு மேலேயே பலகையில் படுத்து. டிரைவருக்கு அதிலும் பாதி. விடியலுக்கு முந்தின நேரத்தில் மனித உடம்பின் விழிப்பு அடிமட்டத்துக்கு இறங்கிவிடும் என்பதை உறக்க ஆய்வு பல முறை காட்டியிருக்கிறது. அந்த நேரத்தில்தான் அவர் முகத்துவாரத்துக்கு எதிரே வந்து நிற்கிறார்.

நிற்கிறார் என்றேன். ஏன் அங்கேயே காத்து நிற்காமல் உள்ளே போகிறார் என்பதுதான் கேள்வி. உள்ளே ஆழம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. போன தடவை வழி இருந்த இடத்தில் இப்போது மணல் ஏறியிருக்கலாம். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே பெரிய ஏற்றத்தை நம்பிக் காத்திருந்து மேலே மிதந்து போய்விடவும் வழியில்லை. உள்ளே போவதென்றால் பின்னாலிருந்து அலை வரும். அலை பின்பக்கத்தைத் தூக்கும்போது சுக்கானுக்குப் பிடி விட்டுப்போகும். படகு குறுக்கே திரும்பும். அதே நொடியில் அடிப்பக்கம் மணலில் தட்டினால் அடுத்த அலை பக்கவாட்டில் அறையும். இதெல்லாம் அவருக்கு என்னையும் உங்களையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் உள்ளே போகிறார். ஏனென்றால் ஏலம் விடியற்காலையில். தாமதமானால் விலை இறங்கும், ஐஸ் கரையும், டீசல் எரியும். ஆட்களுக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதில் பங்கு. வெளியே காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கூட வந்தவர்களின் பையிலிருந்து போகிறது. அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள், அண்ணன் தம்பி மகன் வேறு.

படகு தரைதட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை என்ன எழுதும்? 'அஜாக்கிரதை.'

இப்போது மணலின் கதைக்கு வருவோம். வருஷத்தில் பெரும்பகுதி, சோழகம் அடிக்கிற மாதங்களில், இந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வாடையில் கொஞ்சம் திரும்பிவரும். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேருமிடத்தில் 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தன. வடக்கே போக வேண்டிய மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்றது. வீராம்பட்டினம் பக்கம் கரை அகன்றது. வடக்கே நகரத்தின் கடற்கரை போய்க் கருங்கல் வந்தது. வைத்திக்குப்பம், சோலை நகர்க்காரர்களுக்கு வலை காயவைக்க இடமில்லாமல் போனது. முட்டி நின்ற மணல் சுவரின் முனையைச் சுற்றிக்கொண்டு முகத்துவாரத்துக்குள் நுழைகிறது. இப்படி ஆகும் என்று கட்டியவர்களுக்குத் தெரியும். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. தூர்வாருவது, தூர்ந்துபோவது, மீனவர்கள் மறியல் செய்வது, மறுபடி தூர்வாருவது என்றே காலம் ஓடுகிறது.

ஆக, அந்த விடியற்காலையில் சுக்கானைப் பிடித்த கை ஒன்றுதான் என்றாலும், முடிவெடுத்தவர்கள் பலர். மணலை வடக்கே கொட்டும் ஏற்பாட்டை நிறுத்தியவர், தூர்வாரும் கோப்பை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளியவர், ஏல நேரத்தை வைத்தவர், பங்கு முறையை வகுத்தவர். இவர்களில் ஒருவர் பெயரும் அறிக்கையில் வராது. டிரைவர் தவறே செய்வதில்லை என்று நான் சொல்வதாக நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. நான் அப்படிச் சொல்லவில்லை. விசாரணை அவர் பெயரில் தொடங்கட்டும். அங்கேயே முடியக் கூடாது என்கிறேன்.

அங்கேயே முடிக்காத விசாரணைக்கு ஓர் உதாரணம். இரண்டாம் உலகப்போரில் பி-17 விமானிகள் தரையிறங்கிய பிறகு சக்கரத்தையே மடக்கிவிட்டார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். சக்கரத்தின் பிடியும் இறக்கைமடலின் பிடியும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் முனையில் சக்கர வடிவில் ரப்பர் ஒட்டச் சொன்னார். விமானிகளுக்கு அவர் புத்திமதி சொல்லவில்லை. போபால் விஷவாயுக் கசிவிலோ எதிர்த்திசை: குளிர்விப்பான் நிறுத்தப்பட்டிருந்த, எரிகோபுரம் பழுதில் கிடந்த தொழிற்சாலையில், யாரோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீர் விட்டான் என்று நிறுவனம் வாதாடியது.

மனநலம் பற்றியும் பேசச் சொல்லியிருந்தார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது எங்கே பார்த்தாலும் தொழிலாளர்களுக்கு மூச்சுப்பயிற்சி, தியானம், ஆலோசனை முகாம். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் உறங்காதவனுக்கு முதல் மருந்து உறக்கம். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பதால் 2016-இல் மட்டும் உலகில் சுமார் 7,45,000 பேர் பக்கவாதத்திலும் இதயநோயிலும் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து கணக்கிட்டன. மீன்பிடித் தொழிலுக்கான 2007-ஆம் ஆண்டு உடன்படிக்கை, மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகில் நாளுக்கு 10 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. செய்திருந்தாலும் இரண்டு மூன்று நாளில் திரும்பும் நம் படகு அந்த விதிக்குள் வராது, அது வேறு.

வேலை நேரத்துக்காகப் போராடுவது இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதும் அல்ல. 1936 ஜூலை 30-இல் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் 12 ஆலைத் தொழிலாளர்கள் இறந்தது எட்டு மணி நேர வேலையைக் கேட்ட போராட்டத்தில்தான். அவர்கள் மாற்றச் சொன்னது கடிகாரத்தை.

நேரமாகிவிட்டதென்று சீட்டு வந்திருக்கிறது. செய்ய வேண்டியதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முகத்துவாரத்தின் ஆழத்தை வாரம் ஒருமுறை அளந்து துறைமுகத்தில் பலகையில் எழுதிப்போடலாம். பொறியியல் மாணவர்களே செய்யலாம். உயிர் போகாமல் தப்பிய சம்பவங்களைப் பெயர் கேட்காமல் பதிவு செய்ய ஒரு நோட்டு வேண்டும். விஞ்சில் கயிறு சுற்றும் இடத்துக்குத் தடுப்பு. இது பட்டறை வேலை, ஆய்வேடு தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடக்கின்றன. உறக்கம் பற்றி ஆட்களிடம் பேச அதைவிட நல்ல காலம் கிடையாது. ஏல நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளினால் என்ன ஆகும் என்று யாராவது பார்க்க வேண்டும். பங்கு முறை பற்றியும் தனி ஆய்வு தேவை. மீன் பிரிக்கும், கருவாடு போடும் பெண்களைப் பற்றி நான் தொடவே இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு வேறொருவரை அழையுங்கள், அவர்களிலேயே ஒருவராக இருந்தால் நல்லது. கேள்விகள் இருந்தால் வெளியே தேநீர் நேரத்தில் பேசுவோம். முன்வரிசை நண்பர்கள் தயாராக இருக்கிறார்கள் என்பது தெரிகிறது.