ஹூஸ்டனில் ஒரு வாடகை வீடு

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அமெரிக்க அனுபவம்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அது ஒரு கடல். செயலாளரோ 15 நிமிஷம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே அந்தக் கடலில் ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் மொண்டு வந்திருக்கிறேன். டெக்ஸாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரத்தில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியிருப்பது எப்படி என்பதுதான் என் பேச்சு. மேல்படிப்புக்கோ வேலைக்கோ அந்தப் பக்கம் வரப்போகிறவர்கள் இந்த ஹாலில் சிலராவது இருப்பீர்கள். நயாகரா எங்கேயும் போய்விடாது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லீஸ் பத்திரத்தில் கையெழுத்து, வந்து இறங்கிய முதல் வாரமே போட வேண்டியிருக்கும்.

நான் ஆலங்காயத்துக்காரன். எங்கள் ஊரில் அன்றைக்கு வாடகை என்பது வாய்ப்பேச்சுதான். "தை மாசம் வந்துடுறோம்ணா" என்றால் சரி. அட்வான்ஸுக்கு ரசீது கேட்டால் வீட்டுக்காரர் முகம் வாடிவிடும். 2011-இல் முதல் வேலை கிடைத்துச் சென்னையில் வீடு தேடியபோது வேறு ஒன்று தெரிந்தது. அங்கே முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியது அல்ல. "தம்பி, நீங்க என்ன ஆளுங்க?" இரண்டாவது கேள்வி, "கவுச்சி சமைப்பீங்களா?" இந்த இரண்டையும் தாண்டிய பிறகுதான் பத்து மாச அட்வான்ஸ் பேச்சு. இது கேட்டு இங்கே சிலர் சிரிக்கிறீர்கள். அந்த முதல் கேள்வியோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இதே ஹாலில் இருக்கிறார்கள். அவர்கள் சிரிக்கவில்லை.

2014-இல் ஹூஸ்டனில் ஒரு அபார்ட்மெண்ட் ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். அந்த இரண்டு கேள்வியும் வரவில்லை. அவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்பதால் அல்ல. இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுக்கக்கூடாது என்று 1968-இல் சட்டம் வந்துவிட்டது. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டது அந்த ஆண்டு ஏப்ரல் 4. டெக்ஸாஸ்காரரான ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டது ஏப்ரல் 11. அதற்கு முன்னால் "இந்த வீட்டைக் கறுப்பர்களுக்கு விற்கக்கூடாது" என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த வாசகத்தை எந்தக் கோர்ட்டும் அமல்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-இல். அதற்குப் பிறகும் சட்டம் வர இருபது வருஷம் ஆயிற்று. மனசு மாறும் வரை காத்திருந்தால் இன்றைக்கும் அந்தக் கேள்வி இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, அவர்கள் எதைத்தான் கேட்கிறார்கள்? காகிதம். மாத வருமானம் வாடகையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு இருக்கிறதா? கிரெடிட் ஸ்கோர் என்ன? அதாவது, இதுவரை வாங்கிய கடனை எப்படிக் கட்டினாய் என்பதற்கு ஒரு மார்க். ஆயுளில் கடனே வாங்காத உத்தமனுக்கு மார்க்கே கிடையாது! புதிதாக வரும் மாணவர்களிடம் கூடுதல் டெபாசிட்டோ, உள்ளூரில் ஒருவர் ஜாமீன் கையெழுத்தோ கேட்பார்கள். யூனிவர்சிட்டிக்குப் பக்கத்தில் உள்ள குடியிருப்புகளுக்கு இது பழகிப்போன விஷயம். அட்மிஷன் கடிதத்தைக் காட்டினால் சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

பிறகு லீஸ். பத்து நாற்பது பக்கம், பொடி எழுத்து. நம் பிள்ளைகள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அதில் மூன்று இடங்களையாவது நிதானமாகப் படியுங்கள்.

நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்தால், ஆளுக்குக் கால் பங்கு என்று நாம் நினைப்போம். பெரும்பாலான லீஸில் அப்படி இல்லை. ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒருவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, "பை மச்சான்" என்று போய்விட்டார். மிச்சம் மூன்று பேர் எட்டு மாசம் அவர் பங்கையும் கட்டினார்கள். நட்பும் போயிற்று, அது வேறு கதை.

அடுத்தது, காலி செய்யும் நோட்டீஸ். ஒரு வருஷ லீஸ் முடிந்தால் தானாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். 30 நாளோ 60 நாளோ முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாசத்துக்கு மாசம் கூடுதல் வாடகையில் ஓடும். நடுவில் உடைத்துக்கொண்டு போனால் அபராதம். ஆனால் வீட்டைச் சும்மா பூட்டி வைத்துக்கொண்டு மிச்ச மாதங்களுக்கும் உங்களிடமே வசூலிக்க முடியாது; வேறு ஆள் பிடிக்க முயற்சி செய்வது வீட்டுக்காரர் கடமை என்று டெக்ஸாஸ் சட்டம் சொல்கிறது.

மூன்றாவது, டெபாசிட். குடிபோன அன்றே சுவர், கார்ப்பெட், அடுப்பு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, அவர்கள் கொடுக்கும் படிவத்தில் பழுதுகளைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். காலி செய்யும்போது புது விலாசத்தை எழுத்தில் கொடுங்கள். அதன்பின் 30 நாளுக்குள் பணமோ, பிடித்தம் செய்த கணக்கோ வந்தாக வேண்டும். சாதாரணமாகப் புழங்கியதால் ஏற்பட்ட தேய்மானத்துக்குப் பிடிக்கக்கூடாது. கெட்ட எண்ணத்தோடு பிடித்து வைத்தால், பிடித்த தொகையைப் போல மூன்று மடங்கும் 100 டாலரும் கொடுக்க வேண்டிவரும். சின்ன கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே கேட்கலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம். "ஏ.சி. ரிப்பேர் பண்ணலை, அதனால வாடகை கட்ட மாட்டேன்" என்று நம் ஊர் வீரத்தைக் காட்டாதீர்கள். அங்கே வீட்டைக் காலி செய்ய வைக்கும் வழக்கு நம் ஊர் மாதிரி வருஷக்கணக்கில் இழுக்காது, வாரக்கணக்கில் முடிந்துவிடும். வாடகையைக் கட்டிக்கொண்டே, ரிப்பேரை எழுத்தில் கேளுங்கள்.

கரண்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹூஸ்டனில் பெரும்பாலும் கரண்ட் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். "ராத்திரி இலவசம்" என்றெல்லாம் விளம்பரம் வரும். 2021 பிப்ரவரியில் பனிப்புயல் அடித்தபோது மொத்தச் சந்தையில் ஒரு யூனிட் 9 டாலர் வரை போயிற்று. சந்தை விலையோடு கட்டப்பட்ட திட்டம் வைத்திருந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கில் பில் வந்தது. அந்த வகைத் திட்டத்தை வீடுகளுக்கு விற்கக்கூடாது என்று அதே வருஷம் தடை போட்டுவிட்டார்கள். இருந்தாலும் விலை நிலையானதா என்று பார்த்தே எடுங்கள்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். எனக்கு முக்கியமான விஷயம் இதுதான்.

ஜவ்வாது மலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஹூஸ்டனில் முதலில் உறுத்தியது, கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு குன்றுகூட இல்லாததுதான். தட்டு மாதிரி தரை, களிமண். மழை பெய்தால் தண்ணீர் 'பயூ' என்று சொல்லும் ஓடைகள் வழியே மெல்ல நகர்ந்துதான் போக வேண்டும். 2015-இல் வெள்ளம், 2016-இல் வெள்ளம், 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல். நாலைந்து நாளில் சில இடங்களில் 40 அங்குலத்துக்கு மேல் கொட்டிற்று. வேலூர்ப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நான் அப்போது இரண்டாவது மாடியில் இருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கீழ்வீட்டுத் தமிழ்க் குடும்பம் கைக்குழந்தையோடு மேலே வந்துவிட்டது. விடிவதற்குள் என் ஹாலில் பதினோரு பேர். ரசம் சாதம்தான், மூன்று நாளைக்கு. தண்ணீர் வடிந்த பிறகு அந்த வீட்டுக்குள் போனால் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. அப்படியிருந்தும், "லீஸ் இன்னும் ஏழு மாசம் இருக்கிறது, வாடகை வந்துகொண்டே இருக்க வேண்டும்" என்று ஆபீஸில் வாயால் சொன்னார்கள். அந்த அம்மா ஆசிரியராக இருந்தவர். படிக்கிற பழக்கம் உள்ளவர். மாநிலச் சட்டத்தைத் தேடிப் படித்தார். குடியிருக்கவே லாயக்கில்லாமல் வீடு கெட்டுப்போனால், ரிப்பேர் முடியும் முன் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து லீஸை முடித்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. ஒரே பக்கம் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் டெபாசிட்டும் மிச்ச நாள் வாடகையும் திரும்பி வந்தன. வீட்டுச் சாமான் போனது போனதுதான். வாடகைதாரர் இன்ஷூரன்ஸ் இருந்தது. ஆனால் அது வெள்ளத்துக்குச் செல்லாது. அதற்குத் தனியாக வெள்ள இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். எடுத்தாலும் பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் கிளம்பிய செய்தி கேட்டு ஓடினால் ஆகாது.

2022 ஜனவரி முதல், வீடு "நூறு வருஷ வெள்ளப் பகுதி"யில் இருக்கிறதா, கடந்த 5 வருஷத்தில் உள்ளே தண்ணீர் வந்ததா என்று வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்ததை எழுத்தில் சொல்ல வேண்டும். நல்ல சட்டம். ஆனால் 5 வருஷத்தைக் கவனியுங்கள். 2017 ஹார்வியில் மூழ்கிய வீட்டைப் பற்றி இன்றைக்கு அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. நூறு வருஷம் என்றால் நூறு வருஷத்துக்கு ஒரு தடவை என்றும் அர்த்தமில்லை. எந்த வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. 30 வருஷம் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. நம் கணக்கு வாத்தியார் இங்கே உட்கார்ந்திருக்கிறார், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1903-இல் பாலாறு வாணியம்பாடியைப் புரட்டிப் போட்ட கதையைச் சொல்லி, "ஆத்தோரம் வீடு பாக்காதடா" என்பார் என் பாட்டி. ஹூஸ்டனில் நான் அதையே செய்கிறேன். ஆபீஸில் கேட்பதோடு நிறுத்தாமல், அங்கே பத்து வருஷமாகக் குடியிருக்கும் ஒருவரைப் பிடித்து, "ஹார்வி அன்னைக்குத் தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்கிறேன். கையை வைத்துக் காட்டிவிடுவார்கள்.

என்னுடைய பழைய லீஸ் ஒன்றைப் பெயர், விலாசம் அடித்துவிட்டுச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். வேண்டியவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். புரியாத பக்கத்தைக் குறித்து வையுங்கள். நாளை மதியம் வரை நான் இங்கேதான் இருப்பேன். செயலாளர் மூன்றாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்க்கிறார்.