பறிபோன பொத்தான்



மைக்ரோசொப்ட் நிறுவனம் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட 'விண்டோஸ் 95' என்னும் மென்பொருள், கணினித் திரையின் இடக்கீழ் மூலையில் 'ஸ்டார்ட்', அதாவது 'தொடங்கு', என்றொரு பொத்தானை வைத்தது. வேலைக்கு அதுவே வாயில். கணினியை நிறுத்துவதற்கும் அதுவே. தொடங்குவதை அழுத்தி நிறுத்துவதா என்று நகைத்தோரும் நாளடைவிற் பழகிக்கொண்டனர். 17 ஆண்டுகளில் எழுதுவினைஞரின் கை தானாகவே அம்மூலையை நாடக் கற்றது.

2012 ஒக்டோபரில் வந்த 'விண்டோஸ் 8' அப்பொத்தானை அகற்றிவிட்டது. தொடுதிரைக் கருவிகளை மனத்திற்கொண்டு, திரை முழுவதும் வண்ணக் கட்டங்கள் பரப்பப்பட்டன. விசைப்பலகையும் சுட்டியும் கொண்டு மேசையில் உழைப்போர் என் செய்வர்? நிறுத்தும் வழியோ வலப்பக்க ஓரத்தில் மறைந்திருந்த பட்டியலுக்குள் ஒளிந்துகொண்டது. பழக்கம் குறைந்ததனாலன்று, மிகுந்ததனாலேயே அவர்கள் இடர்ப்பட்டனர் என்பது நோக்கற்பாலது. புதிதாய்க் கற்போனுக்கு மறக்கவேண்டியது எதுவுமில்லையன்றோ?

முறைப்பாடுகள் பெருகின. 2013 ஒக்டோபரில், 8.1 பதிப்பில், பொத்தான் மீண்டது. எனினும் அதனை அழுத்தியவர் கண்டது பழைய பட்டியலையன்று. அதே வண்ணக் கட்டங்களையே. பட்டியல் திரும்பியது 2015 ஜூலையில், 'விண்டோஸ் 10' உடன். அப்போதும் கட்டங்கள் சில அதன் அருகில் ஒட்டிக்கொண்டே வந்தன.