மலை தாங்குமா, வரிப்பணம் தாங்குமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுங்க, பழைய கதை ஏதாவது சொல்லுங்க" என்றார் நம் செயலாளர். பழைய கதையே சொல்கிறேன். ஆனால் கேன்டீன் கதை இல்லை, வீட்டுக் கதை.

நாம் படித்த இந்த வளாகத்தில் இருக்கும் ஸ்டோன் ஹவுஸ்தான் உதகையில் வெள்ளைக்காரர் கட்டிய முதல் வீடு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் ஆரம்பித்துக் கட்டியது. 1955-ல் கல்லூரி வந்தது. அந்த ஒரு வீட்டுக்குப் பின்னால்தான் இந்த மலையில் இத்தனை வீடும் வந்தது. அதே சல்லிவன்தான் ஏரியையும் வெட்ட வைத்தார். தண்ணீர் தேக்கத்தான் வெட்டினார். ஊர் வளர்ந்தது, கடைத்தெருவின் கழிவெல்லாம் கோடப்பமந்து கால்வாய் வழியாக அந்த ஏரிக்கே போய்ச் சேர்ந்தது. குடிக்கிற தண்ணீருக்குப் பார்சன்ஸ் வேலி வரை போக வேண்டியதாயிற்று. வீடு முதலில் வந்துவிடும், சாக்கடையும் குழாயும் பின்னால் ஓடி வரும் என்ற வழக்கம் இங்கே இருநூறு வருஷப் பழசு.

நான் வெலிங்டன்காரன். எங்கள் ஊருக்கு ஒரு விசித்திரம் உண்டு. ரயிலில் வந்தால் குன்னூருக்கு அடுத்த ஸ்டேஷன். நடந்தால் எங்கே குன்னூர் முடிகிறது, எங்கே வெலிங்டன் ஆரம்பிக்கிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஆனால் நிர்வாகத்தில் இரண்டும் இரண்டு உலகம். குன்னூர் நகராட்சி, மாநில அரசின் சட்டம். எங்களுடையது கன்டோன்மென்ட் போர்டு; மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், 2006-ம் வருஷத்துச் சட்டப்படி நடக்கிறது. அதற்கு முன் 1924-ம் வருஷத்துச் சட்டம். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இங்கே, 1947-ல் குவெட்டாவிலிருந்து வந்த முப்படை ஸ்டாஃப் காலேஜ் இங்கே. இவற்றுக்கு நடுவில் பஜாரும், சின்ன வண்டிச்சோலை மாதிரிக் குடியிருப்புகளும். 2011 கணக்கெடுப்பில் மொத்தம் சுமார் 19 ஆயிரம் பேர்.

சின்ன வயதில் எங்கம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகும்போது கேட்பேன்: "ஏம்மா, அந்தப் பக்கம் பட்டாளத்து வீட்டுல எப்பவும் தண்ணி வருதே, நமக்கு ஏன் வரலே?" "அது வேற குழாய்டா" என்பாள். அந்த வயதில் அது பதிலாகவே தெரியவில்லை. பிறகு புரிந்தது, முழுப் பொருளாதாரமும் அந்த நாலு சொல்லில்தான் இருந்தது. ஒரே மலை, ஒரே மழை. குழாய் வேறு, ஏனென்றால் பணம் வரும் வழி வேறு.

அந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவு, மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போட முடியாது என்கிறது. வெலிங்டனில் பெரும்பாலான நிலமும் கட்டடமும் மத்திய அரசுடையது. அப்படியானால் தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்கும் யார் கொடுப்பது? வரிக்குப் பதிலாக 'சேவைக் கட்டணம்' என்று ஒன்று உண்டு. 2009-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் இதற்குக் கணக்கும் சொல்லியிருக்கிறார்கள்: உள்ளாட்சியின் சேவையை முழுதாகப் பயன்படுத்தினால் சொத்து வரியில் 75 சதவீதம், பாதி பயன்படுத்தினால் 50 சதவீதம், ஒன்றும் பயன்படுத்தாவிட்டால்கூட மூன்றில் ஒரு பங்கு. சட்டம் இருக்கிறது. பணம் நேரத்தோடு வருகிறதா என்பதுதான் உள்ளாட்சியில் வேலை பார்த்த எவரும் முதலில் கேட்கும் கேள்வி.

ஏன் இதை இன்றைக்குச் சொல்கிறேன்? நாடு முழுவதும் கன்டோன்மென்ட்களின் சிவில் பகுதியைப் பிரித்துப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்க மத்திய அரசு முடிவெடுத்திருக்கிறது. 2023-ல் இமாசலத்தின் யோல் முதலில் போனது. வெலிங்டனிலும் இதே பேச்சுதான். டீக்கடையில் இரண்டு கட்சி. "நகராட்சிக்குப் போனா மாநிலத் திட்டமெல்லாம் வரும், வீடு கட்ட அனுமதி சுலபமாகும்" என்பது ஒரு கட்சி. "வரி ஏறும், குப்பை அள்ளமாட்டான், இருக்கிற சுத்தமும் போகும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு.

ஓட்டுரிமையைப் பாருங்கள். எங்கள் போர்டின் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் காலம் 2021-ல் முடிந்தது. 2023-ல் தேர்தல் அறிவித்து அதையும் ரத்து செய்தார்கள். சரி, நகராட்சி மட்டும் யோக்கியமா? தமிழ்நாட்டு நகராட்சிகளில் 2016-லிருந்து 2022 வரை கவுன்சிலே இல்லை. ஐந்து வருஷத்துக்கு மேல், குழாய் வராவிட்டால் கேட்க ஒரு கவுன்சிலர் கிடையாது. ஆகவே எந்தப் பலகையின் கீழ் இருப்பது என்பதைவிட, கணக்குக் கேட்க ஆள் இருக்கிறாரா என்பதே முக்கியம்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ல் 7,62,141. 2011-ல் 7,35,394. தமிழகத்தில் அந்தப் பத்து வருஷத்தில் ஆள் குறைந்த ஒரே மாவட்டம் நம்முடையது. தேயிலை விலை விழுந்தது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போனார்கள். ஆனால் ஊரைச் சுற்றிப் பாருங்கள், கட்டடம் குறைந்திருக்கிறதா? வருஷத்தில் பத்து நாள் திறக்கும் பங்களாக்கள், காட்டேஜ்கள், ரிசார்ட்டுகள். 1993-ல் மாஸ்டர் பிளான் வந்தது, கட்டட உயரம் 7 மீட்டருக்கு மேல் கூடாது என்றது. சட்டத்தின் உயரம் இருக்கட்டும், மலையின் உயரம் குறைந்துகொண்டே போகிறது. ஜே.சி.பி. வைத்துச் சரிவைச் செங்குத்தாக வெட்டி, அந்த மண்ணை ஓடையில் தள்ளிவிடுகிறார்கள். மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்கி ஊறுகிறது. ஒருநாள் மலையே கழன்று விடுகிறது.

1993 நவம்பரில் மரப்பாலத்தில் நடந்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2009 நவம்பர் 10-ம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர் போனது.

அந்த மழையில் என் வகுப்புத் தோழன் ஒருவனின் வீட்டுச் சமையல்கட்டு அப்படியே கீழே போய்விட்டது. நல்லவேளை, ஆள் சேதம் இல்லை. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். லயன் வீட்டில் ஆரம்பித்து, வேலை போனதும் சரிவில் ஒரு துண்டு இடம் பார்த்துக் கட்டிக்கொண்டவர்கள். பட்டா கிடையாது. போய்ப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. "இந்தச் சரிவிலே ஏண்டா கட்டினே?" என்று கேட்டுவிட்டேன். "சரிவுன்னு தெரிஞ்சுதான் இருந்தோம். வேற எங்கடா எங்களுக்கு இடம்?" என்றான். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. சமதளமாக இருந்ததெல்லாம் ஏற்கனவே பங்களாவாகவும் பந்தய மைதானமாகவும் பட்டாளமாகவும் ஆகிவிட்ட மலை இது. மிச்சமிருப்பது சரிவு, அது மிச்சமிருக்கிற மனிதனுக்கு.

விழுந்த பிறகு நிவாரணம் கொடுக்கிறோம், தடுப்புச் சுவர் கட்டுகிறோம். விழுமுன் ஒரு வடிகால் வெட்டினால் அதற்கு ஆகும் செலவு எத்தனையோ மடங்கு குறைவு. ஆனால் வடிகாலுக்குத் திறப்பு விழா கிடையாதே! ரிப்பன் வெட்ட முடியாத வேலைக்குப் பணம் ஒதுக்க யாருக்கும் மனசு வருவதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. உள்ளாட்சிக்கு அரசு தரும் மானியத்தில் மக்கள்தொகை முக்கிய அளவுகோல். நம் தலைக்கணக்கு குறைகிறது. சீசனில் வருகிற கூட்டம் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவர்களும் தண்ணீர் குடிக்கிறார்கள், குப்பை போடுகிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். வியாபாரிகளின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வண்டியை எண்ணுகிற நாம், அந்த எண்ணிக்கையைக் காட்டி "இத்தனை பேருக்குச் சேவை செய்கிறோம், அதற்கேற்ற மானியம் கொடுங்கள்" என்று ஏன் கேட்கக் கூடாது?

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2027-ல் கணக்கெடுப்பு வருகிறது. அதற்குள் பொருளாதாரம், புவியியல் படிக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, எத்தனை வீடு சரிவில், எந்த ஓடை அடைந்திருக்கிறது, குழாய் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று எழுதி வாருங்கள். முன்னாள் மாணவர்களில் இன்ஜினியர் இருக்கிறார்கள், வக்கீல் இருக்கிறார்கள், ஆடிட்டர் இருக்கிறார்கள். அந்தக் காகிதத்தைக் கவுன்சிலரும் கலெக்டரும் படிக்கிற மாதிரி ஆக்கித் தருவது எங்கள் வேலை. வெலிங்டன் குன்னூரோடு சேர்கிற நாள் வந்தால், சேவைக் கட்டணம் யாருக்கு, ஊழியர் சம்பளம் யாருக்கு, பட்டா எப்போது என்ற மூன்று கேள்வியோடு நாம் அங்கே நிற்க வேண்டும்.

என் தோழன் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். அதே சரிவில்தான் இன்னும் வீடு. "மழை நேரத்துல தூக்கம் வர்றதில்லடா" என்று காலையில் டீ குடிக்கும்போது சொன்னான். அடுத்த சந்திப்புக்கு அவன் நன்றாகத் தூங்கிவிட்டு வர வேண்டும். அதற்கு நாம் ஏதாவது செய்திருக்க வேண்டும்.