கிரைண்டரும் செல்போனும் நம்முடைய நேரமும்

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். விடியற்காலையில் நடவுக்கு இறங்க வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். ஆகையால் நீட்டிப் பேசப் போவதில்லை. நம் வீட்டு மூலையில் இருக்கிற கிரைண்டர், சட்டைப் பையில் இருக்கிற செல்போன், இவைகளைப் பற்றித்தான் நாலு வார்த்தை பேசலாமென்று இருக்கிறோம்.

"இந்தச் செல்போன் வந்ததிலிருந்து குடும்பமே போச்சு" என்கிறார் திண்ணையில் பெரியவர். "தாத்தாவுக்கு ஒன்றும் தெரியாது" என்கிறான் பேரன். இந்த வழக்கில் நாம் யார் கட்சி? இரண்டு கட்சியுமில்லை. அரிவாள் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்பதுண்டா? அது யார் கையில் இருக்கிறது, அறுத்த நெல் யார் களத்துக்குப் போகிறது என்றுதானே கேட்போம்? கருவி விஷயமும் அப்படித்தான். அது மிச்சப்படுத்தும் நேரம் யாருக்குப் போய்ச் சேருகிறது? அதுதான் நம் கேள்வி.

முதலில் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் மாவாட்டிய நம் தாய்மார்களின் தோள்வலி நமக்குத் தெரியும். 1955-ஆம் ஆண்டுவாக்கில் கோவையில் சபாபதி என்பவர் அந்தக் கல்லை மின்சார மோட்டாரோடு இணைத்தார். நம் பெண்களின் தோளுக்கு இதைவிட நன்மை செய்த சாதனங்கள் அதிகமில்லை. ஆனால் வெகுகாலம் வரை அது வசதியுள்ள வீட்டுச் சாமானாகவே இருந்தது. 2011-ல் தமிழ்நாட்டு சர்க்கார் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் பல குடிசைகளுக்குள் அது நுழைந்தது. வேடிக்கை என்னவென்றால், 2012-ல் பல கிராமங்களில் மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரமே அதிகம். விசிறி மூலையில் நின்றது. நாம் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டோம்!

சரி, மின்சாரம் வந்தது, கிரைண்டர் ஓடியது. மிச்சமான அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிற்று? அந்தத் தாய் சற்றுக் கண்ணயர்ந்தாளா? ஒரு பத்திரிகையைப் புரட்டினாளா? இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பிடித்தாள், துணி துவைத்தாள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாள். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற நாம் அந்தக் கிரைண்டரைக் கழுவி வைத்ததுண்டா? சிரிக்கிறீர்கள். ஆண்கள் பக்கம்தான் சிரிப்புச் சத்தம் குறைவாக இருக்கிறது!

மில்லிலும் இதே கதைதான். ரிங் பிரேமில் எந்தக் கதிரில் இழை அறுந்தது என்று விளக்கெரிந்து காட்டும் கருவி வந்திருக்கிறது. நல்லதுதான். தேடித் தேடி நடக்க வேண்டியதில்லை. ஆனால் நடை குறைந்த தொழிலாளிக்கு ஓய்வையா கொடுக்கிறார்கள்? பார்க்க வேண்டிய பிரேமைக் கூட்டிவிடுகிறார்கள். கால் அலையும் தூரம் மறுபடி பழையபடி ஆகிவிடுகிறது.

இனி செல்போன். இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ந் தேதி நடந்தது. பேசியவர் வங்க முதல்வர் தோழர் ஜோதிபாசு. கல்கத்தாவிலிருந்து டில்லியில் மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். அந்நாளில் நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வருகிற அழைப்புக்கும் காசு! நடவுக்குப் போன பெண்ணின் ஒரு நாள் கூலி சில நிமிடங்களில் கரைந்துவிடும். இன்று அதே பெண்ணின் மடியில் செல்போன் இருக்கிறது. திருப்பூரில் வேலை செய்யும் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். இதைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது.

ஆனால் அதே போன்தான் ராத்திரி பத்து மணிக்கு "காலையில் முதல் ஷிப்டுக்கு வா" என்று சூபர்வைசர் குரலில் கூப்பிடுகிறது. ஆலைச் சங்கு ஊதினால் வேலை முடிந்தது என்று அர்த்தமிருந்த காலம் போய்விட்டது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. நூறு நாள் வேலைத் திட்டத்தில், 2023 ஜனவரி 1 முதல் வேலைத்தளங்களில் செல்போன் செயலி மூலம்தான் வருகை பதிய வேண்டுமென்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். ஊழலைத் தடுக்க என்றார்கள். நடந்தது என்ன? சிக்னல் இல்லை, செயலி திறக்கவில்லை, படம் ஏறவில்லை என்று, மண் சுமந்த நாளுக்குக் கூலி இழந்தவர்கள் பல மாநிலங்களில் உண்டு. அவர்கள் 2023-ல் டில்லி ஜந்தர் மந்தரில் நாட்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். ஊழலாவது ஒழிந்ததா? ஆள் இல்லாமலே பழைய படத்தைப் படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய சர்க்காரின் சுற்றறிக்கையே ஒப்புக்கொண்டது! ஏமாற்றுகிறவன் போனையும் ஏமாற்றிவிட்டான். வெயிலில் நின்றவள்தான் தண்டனை அனுபவித்தாள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தைப் பார்லிமெண்ட் நிறைவேற்றிவிட்டது. சட்டம் மாறினாலும் நம் கேள்வி மாறவில்லை: கருவி பழுதானால் நஷ்டம் யாருடையது? கருவியை வைத்தவர்களுடையதா, மண்வெட்டி பிடித்தவர்களுடையதா?

இயந்திரம் வேகமாக ஓடினால் வேலை நேரம் தானாகக் குறையும் என்று நினைக்காதீர்கள். 1923 மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். இந்த நாட்டில் அதுதான் முதல் மே தினம். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21-ந் தேதி, ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தரும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறியது. ஆட்டுக்கல் காலத்துக்கும் செல்போன் காலத்துக்கும் நடுவில் எத்தனை கருவிகள் வந்தன! இருந்தும் நேரம் கூடத்தான் பார்த்தது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்து நின்றன. மே முதல் தேதியன்று மசோதா வாபஸ் ஆயிற்று. வாபஸ் வாங்க வைத்தது எந்தக் கருவியும் அல்ல. எதிர்த்து நின்ற மனிதர்கள்.

முடிக்குமுன் வீட்டுக்கு எடுத்துப் போக நாலு காரியம் சொல்லிவிடுகிறோம். ஒன்று: போனில் எந்த வருகைப் பதிவு இருந்தாலும், வேலை செய்த நாளை நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்தில் வேலை செய்தவரின் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். கூலி கேட்கும்போது அந்த நோட்டு பேசும். இரண்டு: ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறோம் என்று போனில் வருகிறவர்களிடம் ஜாக்கிரதை. உங்கள் போனில் உள்ள உறவினர் நம்பர்களைக் கடன் செயலிகள் எடுக்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2022-லேயே உத்தரவிட்டிருக்கிறது. கேட்டால் கொடுக்காதீர்கள். மூன்று: போன் மூலம் பணம் மோசம் போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு. நாலு: இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஆண்கள் அந்தக் கிரைண்டரைக் கழுவி வையுங்கள்.

அந்த ஒரு மணி நேரம் மிச்சமானால், அடுத்த கூட்டத்தில் நம் தாய்மார்களில் ஒருவர் இந்த இடத்தில் நின்று பேசட்டும். நாம் கீழே உட்கார்ந்து கேட்போம்.