தரிசு என்னும் சொல்



கோடரி செய்யாத தீங்கைச் சில சமயம் ஒரு சொல் செய்துவிடும். 'தரிசு' அத்தகைய சொல். ஏர் படாத நிலம் என்பதே அதன் பொருள். அரசாங்க ஏடுகளிலோ அது 'பயனற்ற நிலம்' என்றாகிவிட்டது. ஏடுகளை மொழிபெயர்ப்பதே என் தொழில். அச்சொல்லை எழுதுந்தோறும் புணே நகரைச் சூழ்ந்த புல்வெளிகள் என் கண்முன் நிற்கின்றன.

மேற்கிலிருந்து வரும் மழைமேகங்களைச் சகியாத்திரி மலை தடுத்துவிடுகிறது. மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 500 செ.மீ.க்கு மேல் பெய்யும் மழை, புணேயில் ஏறத்தாழ 70 செ.மீ.தான். கிழக்கே பாராமதியை நோக்கிச் செல்லச் செல்ல அது மேலும் குறையும். கரும்பாறையின்மேல் மெல்லிய மண். அதில் புல்லும் முட்புதரும் வளர்வதே இயற்கை. கோடையில் வெறும் பொட்டலாகத் தோன்றும் அவ்விடமே ஓநாய்க்கும், கழுதைப்புலிக்கும், நரிக்கும், சிங்காரா எனும் சிறுமானுக்கும் வீடு. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து பூனைப்பருந்துகள் அங்கே வந்து தங்குகின்றன. தங்கர் எனப்படும் இடையர்கள் தலைமுறை தலைமுறையாக ஆட்டுமந்தைகளை மேய்த்துவருவதும் அங்கேதான். நம் முன்னோர் ஆயர் வாழும் நிலத்தை முல்லை என்று ஐந்திணையுள் வைத்துப் போற்றினார்களேயன்றி, பயனற்றதென்று தள்ளவில்லை.

இன்று அப்புல்வெளி மூன்று வழிகளில் சுருங்குகிறது. வீட்டு மனைகளும் தொழிற்சாலைகளும் ஒரு பக்கம். ஊர்ப்புறக் குப்பைமேடுகளில் பெருகும் நாய்கள் மற்றொரு பக்கம். ஓநாயும் நாயும் கலந்து பிறந்த விலங்குகள் புணே வட்டாரத்தில் உள்ளமையை 2023-இல் மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. மூன்றாவது, நல்லெண்ணத்தால் விளைவது. வெற்றிடம் என்றெண்ணி மரம் நடுகிறோம். நகரக் குன்றுகளில் பெருவாரியாக நடப்பட்ட கிளிரிசிடியா, மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த மரம். அதன் நிழலில் நாட்டுப்புல் செழிப்பதில்லை. புல் போனால் மான் போகும். மான் போனால் ஓநாய் ஆட்டுப்பட்டியை நாடும்.

சிங்காரா மான்களுக்காகப் பாராமதி வட்டத்தில் 1997-இல் மயூரேசுவர் சரணாலயம் ஏற்பட்டது. அதன் பரப்பு 5.14 சதுர கிலோமீட்டர். ஓர் ஓநாய்க் கூட்டம் உலவுவதற்கோ அதைப்போற் பன்மடங்கு நிலம் வேண்டும். ஆகவே சரணாலய வேலிக்கு வெளியே, 'தரிசு' எனக் குறிக்கப்பட்ட நிலங்களிலேதான் அவற்றின் வாழ்வும் சாவும் முடிவாகின்றன.

சென்னைக் கிண்டிப் பூங்காவில் வெளிமானைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயரிலேயே 'வெளி' இருக்கிறது. திறந்த வெளி அடைபட்டால், அம்மானுக்கு வாழ்விடமே இல்லை.

ஐக்கிய நாடுகள் அவை 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்போர்க்கும் உரிய ஆண்டாக அறிவித்திருக்கிறது. கட்கியிலும் தேகு ரோடிலும் வாழும் தமிழன்பர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. மரம் நடும் விழாவுக்கு அழைப்பு வந்தால், அவ்விடம் முன்பு என்னவாக இருந்தது என்று முதலில் கேளுங்கள். புல்வெளியாக இருந்ததெனில், கன்றுகளைச் சாலையோரத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். குன்றுகளில் உலாவச் செல்லும்போது உணவு மிச்சத்தை அங்கே எறியாதீர்கள். காய்ந்த புல்லுக்குத் தீ வைக்காதீர்கள்.

பிழைக்க வந்த நமக்கு இடம் தந்த மண் இது. அதன் பழங்குடிகளான விலங்குகளுக்கும் இடம் விட்டுவைப்பது நம் கடமை.