பொதுப் பணமும் பொதுமக்கள் கண்ணும்

வலக்கை ஈவதை இடக்கை அறியலாகாது என்று சொல்வதுண்டு. தனி மனிதர் செய்யும் தருமத்திற்கு அது தக்க நெறியே. பெறுகிறவருடைய மானத்தை அது காக்கிறது. ஆனால், அரசாங்கம் உதவி செய்யும்போதும் அந்த நெறி பொருந்துமா? மாணவ நண்பர்களே, இக்கேள்விக்கு விடை காண அமெரிக்க நாட்டின் அண்மைக்கால அனுபவம் ஒன்று நமக்குத் துணை செய்யும்.

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபோது அந்நாட்டில் பள்ளிகளும் உணவு விடுதிகளும் மூடப்பட்டன. வாங்குவார் இல்லாமையால், கறந்த பாலை மண்ணில் கொட்டினர் பண்ணையார் பலர். அரசாங்கம் வாளா இருக்கவில்லை. உழவர்களுக்கு நேரடி உதவியாக 1,600 கோடி டாலர் வழங்குவதாக அவ்வாண்டு ஏப்ரலில் விவசாயத் துறை அறிவித்தது. இதுவன்றி, சிறு தொழில்களுக்கென ஒரு கடன் திட்டமும் இருந்தது. தொழிலாளரை நீக்காமல் ஊதியம் கொடுத்துவந்தால் அக்கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பண்ணைகளும் அதில் பங்கு பெற்றன.

பணம் விரைந்து போய்ச் சேரவேண்டியிருந்தது. பசித்தவனை வாசலில் நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்பது அறமன்று. ஆனால், கொடுக்கும்போது கேள்வி குறைந்தால், கொடுத்த பின்பாவது கணக்குப் பார்க்கும் கண் வேண்டுமல்லவா? கடன் திட்டத்தில் அந்தக் கண் முதலில் பாதி மூடியே இருந்தது. 1,50,000 டாலரும் அதற்கு மேலும் பெற்றோரின் பெயர்களை மட்டுமே 2020 ஜூலையில் அரசாங்கம் வெளியிட்டது. செய்தி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. நவம்பரில் தீர்ப்பு அவற்றின் பக்கம் வந்தது. டிசம்பரில் பெயர்களும் தொகைகளும் முழுமையாக வெளிவந்தன.

விளைந்த பயன் யாது? 2021ஆம் ஆண்டில் புரோபப்ளிகா என்னும் செய்தி நிறுவனத்தார் அப்பட்டியலை ஊன்றிப் படித்தனர். நியூஜெர்சியின் கடற்கரை ஊரில் மாட்டுப் பண்ணை! பனி உறையும் மினசோட்டாவில் ஆரஞ்சுத் தோட்டம்! இவ்வாறு, இல்லாத பண்ணைகளின் பேரால் நூற்றுக்கணக்கான கடன்கள் வழங்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. தலைநகரில் அமர்ந்து கோப்பைப் பார்க்கிறவருக்கு எல்லாப் பண்ணையும் ஒன்றுதான். தம் ஊரில் மாடு மேய்கிறதா என்பதை அவ்வூரார் அறிவர். பட்டியல் வெளிவந்தால் ஊரார் ஒவ்வொருவரும் தணிக்கையாளர் ஆகின்றனர்.

மறுபக்கமும் உண்டு. உழவருக்கும் அந்தரங்கம் இல்லையா? ஐரோப்பாவில் இவ்வழக்கு எழுந்தது. விவசாய மானியம் பெற்ற தனி நபர்களின் பெயர்களைத் தொகை, காலம் என்ற வேறுபாடு பாராமல் வெளியிடுவது மிகையாகும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அதன்பின் 2013இல் வந்த சட்டம், ஆண்டுக்கு 1,250 யூரோ வரை பெறுவோரின் பெயரை மறைத்து, மிகுதியாகப் பெறுவோரின் பெயரை வெளியிடச் செய்தது. எளியவருடைய மானமும் பொதுப்பணத்தின் காவலும் ஒருங்கே நிற்க இயலும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

பட்டியலை மறைப்பதால் பொய்யர் பிழைக்கின்றனர் என்பது மட்டுமன்று. மெய்யாகவே பாலைக் கொட்டி நட்டப்பட்ட உழவர் மீதும் ஐயத்தின் நிழல் விழுகிறது. திறந்த கணக்கு நேர்மையாளருக்கு அரண். நாளை ஆட்சிப் பொறுப்பிலும் அலுவலகங்களிலும் அமரப்போகும் நீங்கள் இதனை நெஞ்சில் இருத்துவீர்களாக. அரசாங்கத்தின் கை ஈவது தன் பொருளையன்று, மக்கள் பொருளை. அதனை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு.