பத்து நிமிஷம் உட்காருவது

(நாச்சாரம் உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



த்யானம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் யோகியும் இல்லை, டாக்டரும் இல்லை. இந்த நாச்சாரம் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் 31 வருஷம் ஷிப்ட் பார்த்து ரிடையர் ஆனவன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன். அந்தத் தகுதிதான் எனக்கு.

ஸர்வீஸில் இருந்தபோது பாக்டரி கோபத்தை டிபன் காரியரோடு ஆத்துக்கும் எடுத்து வருவேன். ரஸத்தில் உப்பு கூடினால் கூடக் கத்தல். என் பெண் அப்போது நாலாங்கிளாஸ். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே புஸ்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பொறுப்பான குழந்தை என்று எனக்குப் பெருமை. ஒரு நாள் என் ஸஹதர்மிணி கேட்டாள்: "அவ படிக்கறதுக்காகப் போறான்னா நெனச்சுண்டிருக்கேள்?"

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மனஸைக் காலியாக்குவதே த்யானம் என்று எண்ணி, கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தேன். ப்ரொடக்ஷன் டார்கெட்டும் பால் கணக்கும்தான் வந்தன. ஒரே வாரத்தில் விட்டுவிட்டேன். பிறகு 1994ல் ஒரு நண்பர் சொல்லி, நம் ஹைதராபாத்தில் நாகார்ஜுன ஸாகர் ரோட்டில் இருக்கும் தம்ம கேத்தா விபஸ்ஸனா மையத்துக்குப் போனேன். 1976ல் ஆரம்பித்தது. பத்து நாள் மௌனம்; கட்டணம் கிடையாது.

இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்கா, மாண்டலேயில் பிறந்த வியாபாரி. தாங்க முடியாத ஒற்றைத் தலைவலிக்கு மார்பின் ஊசி வரை போனவர். 1955ல் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஊ பா கின் யார் தெரியுமா? பர்மாவின் அக்கௌண்டன்ட் ஜெனரல்! இங்கே இருக்கும் ஏ.ஜி. ஆபீஸ்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம்.

முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். மனஸ் ஓடும், ஓடிவிட்டது என்று தெரிந்ததும் திட்டாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்தத் திருப்பல்தான் அப்யாஸமே என்று மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. ஓடுவது தோல்வி என்று நினைத்தல்லவா விட்டிருந்தேன்!

"அது பௌத்தமாச்சே" என்று ஒரு மாமா முன்வரிசையில் முணுமுணுக்கிறார். சரி, நம் ஸந்த்யாவந்தனத்தில் ப்ராணாயாமமும் காயத்ரி ஜபமும் எதற்கு வைத்திருக்கிறது? நான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவஸரத்தில் மூக்கைத் தொட்டுவிட்டு, 108ஐ நாலு நிமிஷத்தில் முடித்தவன். இத்தாலியில் பெர்னார்டி என்ற டாக்டரின் குழு 23 பேரை வைத்துச் சோதித்து, 2001ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது. லத்தீன் ஜபமாலையானாலும் திபெத்திய மந்த்ரமானாலும், சொல்லும்போது மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பின் லயமும் சீரானது. காயத்ரியை அவர்கள் சோதிக்கவில்லை. ஆனால் நாலு நிமிஷத்தில் 108 சொன்னால் மூச்சு எங்கே நிதானப்படும்?

இனி செய்முறை. முழங்கால் வலிக்காரர்கள் நாற்காலியிலேயே உட்காரலாம். முதுகு நிமிர்ந்தால் போதும். மூச்சை அடக்க வேண்டாம், அது போகிறபடி விட்டு, ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்று. எண்ணுவதற்குப் பதில் இஷ்ட தெய்வ நாமமும் சொல்லலாம். தினம் பத்து நிமிஷம், ஒரே நேரம். காலையில் குக்கரும் குழாயும் சேர்ந்து கூப்பிடுகிற மாமிகளுக்கு அந்தப் பத்து நிமிஷத்தை யார் கொடுப்பது என்பதை மாமாக்கள் யோசிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், நானும் நிறுத்தவில்லை. உட்கார உட்காரப் படபடப்பு அதிகமானால் விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கோபம் எனக்கு இன்னமும் வரும். ஹப்ஸிகுடா ஸிக்னலில் என்னைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் எத்தனை மாஸம் கழித்து என்று நினைவில்லை, ஒரு ஸாயங்காலம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தேன். என் பெண் எழுந்து போகாமல் ஹாலிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது எல்லோரும் ஐந்து நிமிஷம் உட்காரலாம். செல்போனை அணைத்துவிடுங்கள். காபி அதற்கப்புறம்.